கொடியில் காய்ந்த சேலை

2016ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டல்லாஸ் நகருக்கு வடக்கேயுள்ள புறநகரொன்றில் வசிக்கும் என் மருமகன் வீட்டில் மூன்று வாரங்கள் தங்கியிருந்தேன். என் அக்காவும் அங்கேதான் இருக்கிறார். யாழ்ப்பாணத்தில் அறுபது ஆண்டுகள் வாழ்ந்த பழக்கத்தில், பின்வளவிலிருந்த இரண்டு மரங்களுக்கிடையே கயிறு கட்டித் தம் பருத்திச் சேலைகளைக் காயப்போட்டு வந்தார். நான் போய்ச் சேர்ந்த இரண்டாம் வாரம் ஒரு கடிதம் வந்தது. அந்தக் குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கம் அனுப்பியது. கொடியில் தொங்கும் சேலையின் ஒளிப்படமும் இணைக்கப்பட்டிருந்தது. பத்து நாட்களுக்குள் கயிற்றை அகற்றாவிடில் தண்டம் விதிக்கப்படும் என்று எழுதியிருந்தார்கள்.

“மாமா, இஞ்சை இப்பிடித்தான். வீடு வாங்கேக்கை நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்ததுதான்” என்றான் மருமகன். என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன். வாசிக்கவில்லை என்றான்.

பத்திரிகைக்காரனுக்கு இது போதும். பத்திரக் கட்டை வாங்கி இரண்டு இரவுகள் வாசித்தேன். வேலியின் உயரம், கதவின் நிறம், புல்லின் அளவு, குப்பைத் தொட்டியை வெளியே வைக்கும் நேரம் என்று எல்லாவற்றுக்கும் விதி இருந்தது. அவற்றை எழுதியவர் அங்கு வாழும் எவருமல்லர். வீடுகள் கட்டப்படுவதற்கு முன்பே, காணியைப் பிரித்து விற்ற கம்பனி எழுதிப் பதிவு செய்து வைத்தது. அதன்பின் யார் வாங்கினாலும், யாருக்கு விற்றாலும், அந்த வாக்குறுதி மண்ணோடு ஒட்டிக்கொண்டே போகும்.

செய்யாத சத்தியத்துக்கு ஒருவன் கட்டுப்படுவது எப்படி? இதற்கு விடை தேடினால் 1848ஆம் ஆண்டின் இலண்டனுக்குப் போக வேண்டும். லெஸ்டர் சதுக்கத்தின் நடுவிலிருந்த பூங்காவை அதன் உரிமையாளர் 1808இல் விற்றபோது, அதில் கட்டடம் எழுப்பக்கூடாது என்று வாங்கியவரிடம் உறுதி பெற்றிருந்தார். கைமாறிக் கைமாறிக் கடைசியில் அதை வாங்கியவர், தான் அப்படி எந்த உறுதியும் கொடுக்கவில்லை என்று வாதிட்டார். நிபந்தனை இருப்பதை அறிந்தே வாங்கினாய், எனவே நீயும் கட்டுப்பட்டவனே என்றது நீதிமன்றம். ஒரு பூங்காவைக் காத்த நல்ல தீர்ப்புத்தான். ஆனால் அத்தத்துவம் அமெரிக்காவில் வேறு காரியங்களுக்கும் பயன்பட்டது.

கறுப்பினத்தவர் இன்ன தெருவில் குடியேறக்கூடாது என்று நகரசபைகள் சட்டமியற்ற முடியாது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1917இல் தீர்ப்பளித்தது. சட்டம் செய்ய முடியாததைப் பத்திரம் செய்தது. வெள்ளையரல்லாதாருக்கு விற்பதோ வாடகைக்குக் கொடுப்பதோ இல்லை என்ற தனியார் உடன்படிக்கைகள் நாடெங்கும் பெருகின. 1926இல் அவற்றில் தலையிட அதே நீதிமன்றம் மறுத்தது. கன்சாஸ் நகரில் ஜே. சி. நிக்கல்ஸ் என்ற காணி வியாபாரி, தாம் அமைத்த குடியிருப்புகளில் இத்தகைய நிபந்தனைகள் தாமாகவே புதுப்பிக்கப்படும்படி எழுதினார். அவற்றைக் கண்காணிக்க வீட்டு உரிமையாளர் சங்கங்களையும் அமைத்தார். இன்றைய சங்கங்களின் முன்னோடிகளில் அவையும் அடங்கும். அந்நகரில் அவர் பெயர் தாங்கியிருந்த நீரூற்றிலிருந்து 2020இல்தான் அப்பெயர் அகற்றப்பட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1947இல், நியூயோர்க்கின் லோங் தீவில் லெவிற்றவுன் எழுந்தது. நான்கு ஆண்டுகளில் 17 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். போர்முனையிலிருந்து திரும்பிய இளைஞர் குடும்பங்களுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் கம்பனி விதித்த நிபந்தனைகளைப் பாருங்கள். வேலி போடக்கூடாது. புல்லை ஒழுங்காக வெட்ட வேண்டும். உடுப்புகளை வார இறுதியில் வெளியே காயப்போடக்கூடாது. அதே கம்பனியின் குத்தகைப் பத்திரத்தில் 25ஆம் பிரிவு மேலும் ஒன்று சொன்னது: வெள்ளையர் அல்லாத எவரும் அவ்வீட்டில் வசிக்க இடமளிக்கக்கூடாது, வீட்டு வேலையாட்களாக இருந்தால் மட்டும் தடையில்லை.

இதை அறிந்தபோது எனக்கு அக்காவின் சேலைதான் நினைவுக்கு வந்தது. அன்றைய லெவிற்றவுனில் அக்கா வீட்டுக்காரியாக வாழ்ந்திருக்க முடியாது. பிறர் உடுப்பைத் தோய்க்கும் வேலைக்காரியாக மட்டும் உள்ளே போயிருக்கலாம்.

செயின்ற் லூயிஸ் நகரில் வீடு வாங்கிய ஷெலி என்ற கறுப்பினக் குடும்பத்தின் வழக்கில் 1948இல் உச்ச நீதிமன்றம் திருப்பம் தந்தது. இத்தகைய உடன்படிக்கைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றிக் கொடுக்க முடியாது என்றது. ஆனால் அவற்றை எழுதுவது குற்றம் என்று சொல்லவில்லை. வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1968இல்தான் வந்தது. பழைய பத்திரங்கள் பலவற்றில் அவ்வாசகங்கள் செத்த எழுத்தாக இன்னும் கிடக்கின்றன.

இனவிலக்கு சட்டத்தால் நீங்கியது, சங்கம் வளர்ந்தது. புதிய குடியிருப்புகளின் வீதி, பூங்கா, நீச்சல் குளம், வடிகால் ஆகியவற்றைச் சங்கமே பராமரித்தால் நகரசபைக்குச் செலவு குறைவு, வரி மட்டும் முழுமையாக வரும். ஆகவே 1970களிலிருந்து இவை வேகமாகப் பெருகின. இன்று அந்நாட்டில் மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இத்தகைய சமூகங்களில் 7 கோடிக்கும் அதிகமானோர் வாழ்கின்றனர்.

சங்கத்தால் நன்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். அயல்வீட்டுக்காரன் வளவைக் குப்பைமேடாக்கினால் தன் வீட்டின் விலை விழும் என்று மருமகன் அஞ்சுவதில் நியாயம் உண்டு. அவனுடைய வாழ்நாள் உழைப்பு முழுவதும் அந்த வீட்டில்தான் இருக்கிறது. அவனுடைய பத்திரத்தில் இனம் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆனால் அதிகாரத்தின் எல்லை எது? அதே டெக்சாஸில், ஃப்ரிஸ்கோ என்ற ஊரில், ஈராக்கில் பணியிலிருந்த இராணுவ அதிகாரி ஒருவரின் வீடு, ஆயிரம் டொலருக்கும் குறைந்த சங்க நிலுவைக்காக 2008இல் ஏலம் போனது. ஏறத்தாழ 3 இலட்சம் டொலர் பெறுமதியான வீடு 3 ஆயிரத்துச் சொச்சத்துக்கு விற்கப்பட்டது. நீண்ட வழக்கின் பின் 2010இல் இணக்கம் ஏற்பட்டு அதை மீளப் பெற்றார்.

இத்தகைய சம்பவங்களின் பின் சட்டமன்றங்கள் விழித்துக்கொண்டன. வீட்டில் தேசியக் கொடி பறக்கவிடுவதைச் சங்கங்கள் தடுக்கலாகாது என 2006இல் மத்திய அரசே சட்டமியற்றியது. சொந்தக் கொடியைத் தன் வாசலில் ஏற்ற ஒரு குடிமகனுக்குச் சட்டம் தேவைப்பட்டது! வாசற்கதவில் சமயச் சின்னம் வைக்கும் உரிமையை டெக்சாஸ் 2011இல் பாதுகாத்தது. வெர்மொன்ற் மாநிலம் 2009இல் உடுப்புக் காயப்போடும் உரிமைக்கே சட்டம் செய்தது.

அக்கா கயிற்றை அவிழ்த்துவிட்டார். இப்போது கார் நிறுத்தும் அறைக்குள் சேலை காய்கிறது. “வெயில் படாத சீலையை உடுத்தால் உடுத்த மாதிரியே இல்லையடா” என்றார். சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்துக்குப் போய் இதைக் கேள் என்று மருமகனிடம் சொன்னேன். ஐந்து ஆண்டுகளில் ஒரு கூட்டத்துக்கும் அவன் போனதில்லை. அயலவர்களில் பெரும்பாலானோரும் அப்படித்தானாம்.

விதியை எழுதியவன் காணியை விற்றுவிட்டு என்றோ போய்விட்டான். அதைத் திருத்தும் வாக்கு அங்கு வாழ்பவர்களின் கையில்தான் இருக்கிறது. வாசிக்காமல் கையெழுத்திட்டவர்கள், கூட்டத்துக்குப் போய் அந்த வாக்கையாவது பயன்படுத்த வேண்டும்.