நெடுந்தீவு: வாகனத்தைக் கரையில் விட்டுச் செல்லும் தீவு

தெல்தோட்டையிலிருந்து நெடுந்தீவுக்குப் போகிறேன் என்றதும் ஊரில் பலரும் கேட்டது, "வேன் பிடித்துப் போகலாமா?" என்பதுதான். வேன் குறிகட்டுவான் வரைக்கும்தான் போகும். அங்கிருந்து நெடுந்தீவுக்குப் பாலம் கிடையாது. தீவில் முச்சக்கரவண்டி, உழவு இயந்திரம், மோட்டார் சைக்கிள் ஆகியவற்றைக் காணலாம். ஆனால் நம்முடைய காரை அங்கே ஓட்டிச் செல்ல வழியில்லை.

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஏ9 வீதி 321 கிலோமீற்றர். இரவு பஸ்ஸில் ஏறினால் விடியற்காலையில் இறங்கலாம். யாழ் நகரிலிருந்து பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு பஸ் போகிறது. அங்கிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். காலையில் முதற் படகைப் பிடிப்பது நல்லது. கரையில் கால் வைத்ததும் திரும்பும் படகின் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டின் நடுப்பகுதியில் சோளகக் காற்று வீசும்போது கடல் கொந்தளிக்கும். மாசி, பங்குனியில் பயணம் இலகு.

பார்க்க வேண்டியவை

தீவின் பரப்பு சுமார் 50 சதுர கிலோமீற்றர். நிலத்தடியில் முருகைக்கல், வேலிகளும் அதே கல்தான். சாந்து பூசாமல் கல்லின்மேல் கல்லாக அடுக்கிய மதில்கள் காணிக்குக் காணி நீள்கின்றன. ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றின் பெயரால் தீவை 'டெல்வ்ற்' என்றனர். கோட்டையின் இடிபாடு, புறாக்கூடு, அரேபிய வணிகரோடு வந்ததாகச் சொல்லப்படும் பெருக்கமரம் ஆகியவற்றை ஒரே நாளில் பார்த்துவிடலாம். வெண்மணற் கரையும் ஆழமற்ற நீலக் கடலும் தீவைச் சூழ்ந்திருக்கின்றன.

எல்லோரும் தேடிப் போவது குதிரைகளை. போர்த்துக்கேயர் காலத்தில் வந்தவற்றின் வழி என்பார்கள். ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி இங்கே குதிரை வளர்ப்பை நடத்தினார். தேவை தீர்ந்ததும் ஆட்சியாளர் போய்விட, குதிரைகள் வெளியில் தங்கிவிட்டன. 1867இல் தேயிலை தொடங்கிய லூல்கந்துரையை அயலில் வைத்திருக்கும் எனக்கு, கொண்டுவந்தவர் போனபின் மிஞ்சியவர்களின் கதை புதிதல்ல.

2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. குதிரைகளைத் தீவுக்கு வெளியே கொண்டுசெல்லவும் தடை உண்டு. ஆனால் சட்டம் தண்ணீர் ஊற்றாது. கடும் வரட்சியில் குட்டைகள் வற்றும்போது குதிரைகளும் மாடுகளும் மடிகின்றன. நன்னீர் கிடைக்கும் கிணறுகள் குறைவு, அவைதான் மக்களுக்கும். போகிறவர்கள் குடிநீரைக் கையோடு கொண்டுபோங்கள், வெற்றுப் போத்தலைத் திரும்பக் கொண்டுவாருங்கள். படத்துக்காகக் குதிரைகளைத் துரத்தவேண்டாம். கோடையில் ஓடவைப்பதே அவற்றைக் கொல்லும்.

கடல் தந்ததும் எடுத்ததும்

வாகன இரைச்சலில்லாத அமைதி நமக்கு ஒருநாள் சுகம். அங்கே வாழும் ஏறத்தாழ நாலாயிரம் பேருக்கு அது வேறு. நள்ளிரவில் பிரசவ வலி வந்தாலும் பாம்பு கடித்தாலும், பெரிய வைத்தியசாலைக்கும் அவர்களுக்கும் இடையில் கடல் கிடக்கிறது. மீனும் பனம்பொருளும் சந்தைக்குப் போவதும் படகை நம்பித்தான்.

அந்தப் படகிலேயே உயிர்கள் பறிபோயின. 1985 மே 15ஆம் திகதி, நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட 'குமுதினி' நடுக்கடலில் மறிக்கப்பட்டு, குழந்தைகளும் பெண்களும் உட்படப் பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர். வந்தவர்கள் கடற்படையினர் என்று உயிர் தப்பியவர்கள் சாட்சியம் சொன்னார்கள். பின்னர் அதே குமுதினி திருத்தப்பட்டு மீண்டும் சேவையில் ஓடியது. ஏறாமல் இருக்க அம்மக்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. மாவிலித்துறையில் நினைவுச்சின்னம் நிற்கிறது. ஆண்டுதோறும் மே 15இல் உறவுகள் கூடி விளக்கேற்றுகிறார்கள்.

துறையில் இறங்கியதும் குதிரையைத் தேடி விரையாமல் அங்கே சற்று நில்லுங்கள். மதிய உணவைத் தீவிலேயே ஒரு வீட்டில் சொல்லிவையுங்கள். முச்சக்கரவண்டிக்காரரிடம் அதிகம் பேரம் பேசாதீர்கள். நாம் கொடுக்கும் அந்தக் காசு தீவிலேயே தங்கும்.