பழைய கணினியும் புதிய கணினியும் பேசாதது ஏன்?

வீட்டிலுள்ள பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினியின் கோப்புகள், ஒரே வைஃபையில் இருந்தும் புதிய கணினியில் திறக்கவில்லையா? அதற்கு ஒரு வரலாறு உண்டு.

கோப்புப் பகிர்வுக்கான எஸ்எம்பி முறையை 1980களில் ஐபிஎம் நிறுவனத்தில் உருவாக்கியவர் பாரி ஃபைகன்பாம். பிறகு அதை விண்டோஸ் எடுத்து வளர்த்தது. அதன் முதல் பதிப்பு, அலுவலகத்துக்குள் எல்லோரும் தெரிந்தவர்களாக இருந்த காலத்துப் படைப்பு.

2017 மே 12 அன்று, விண்டோஸில் அந்தப் பதிப்பிலிருந்த ஓட்டை வழியாக வான்னாகிரை என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பிரிட்டனில் அறுவை சிகிச்சைகள்கூடத் தள்ளிப்போயின. அடைக்கும் திருத்தம் மார்ச் மாதமே வந்திருந்தது; பலர் நிறுவவில்லை.

அதன்பின் புதிய விண்டோஸில் முதல் பதிப்பைப் படிப்படியாக விலக்கினார்கள். எக்ஸ்பிக்குத் தெரிந்ததோ அது ஒன்றுதான்.

ஆகவே அந்தக் கதவு வேண்டுமென்றே சாத்தப்பட்டது. 'எஸ்எம்பி 1ஐ மறுபடி இயக்குங்கள்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பழைய படங்களைப் பென்டிரைவில் எடுத்து, வைரஸ் சோதித்து, புதியதில் சேருங்கள்.