உபாத்தியாயினிப் பட்டம்

திண்ணைப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயரிடம், "உமக்குப் பட்டம் உண்டா?" என்று எவரும் கேட்டதில்லை. ஊரார் அவரை அறிவர், அது போதும். பையன்கள் மணலில் எழுதிப் பழகினர். சட்டாம்பிள்ளை சிறியவர்களுக்குப் பாடம் ஒப்புவித்தான். உபாத்தியாயர் வீட்டுக்கு நெல் வந்தது. அவர் வல்லவரா அல்லரா என்று தீர்ப்பளித்தவர்கள் பெற்றோர்களே.

அத்தீர்ப்பு ஊராரிடமிருந்து தேர்வாளரிடம் போய்ச் சேர்ந்தது சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டிலே. சார்லஸ் உட் என்பாரின் 1854-ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கை, ஆசிரியரைப் பயிற்றும் பள்ளிகள் வேண்டுமென்றது. 1856-இல் சென்னையில் அரசினர் நார்மல் பள்ளி தோன்றியது. பிற்காலத்தில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி எனப் பெயர் பெற்றது அதுவே. பட்டதாரிகளுக்கெனச் சென்னைப் பல்கலைக்கழகம் எல்.டி. என்னும் பட்டத்தையும் ஏற்படுத்திற்று. நன்னூலார் நல்லாசிரியனுக்கு நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் உவமை கூறினார். தேர்வாளரோ பாடக் குறிப்பையும் வகுப்பு நடத்தும் முறையையும் பார்த்தார். மலரின் தன்மையை மதிப்பெண்ணால் அளப்பது எளிதன்று! பட்டமில்லாத திண்ணை உபாத்தியாயர்கள் பலர் மெல்ல மெல்ல மறைந்தனர். அதனை முழு இலாபம் என்று நான் கூறமாட்டேன்.

ஆனால், இதே சான்றிதழ் வேறொரு வாயிலைத் திறந்தது. வயது வந்த பெண்களை ஆண் உபாத்தியாயரிடம் அனுப்ப அக்காலத்துக் குடும்பங்கள் இசையவில்லை. பெண் பள்ளிகளுக்குப் பெண் ஆசிரியர் வேண்டும். மணமான பெண்ணோ வீட்டை விட்டு வெளிவருதல் அரிது. அப்படியாயின் யார் வருவார்? மூலையில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த இளங்கைம்பெண்கள் இருந்தனர். அவர்களுக்கு உணவிட்டோர் உண்டு, வாழ்வளித்தோர் இல்லை.

இவ்விரண்டு குறைகளையும் ஒருங்கே கண்டவர் சகோதரி சுப்புலட்சுமி. 1886-இல் பிறந்து, பதினோரு வயதளவில் மணமுடிக்கப்பெற்று, விரைவிலேயே கணவனை இழந்தவர். பெற்றோர் அவரை மூலையில் உட்கார்த்தவில்லை, படிக்க வைத்தனர். 1911-இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. தேறினார்; எல்.டி. பட்டமும் பெற்றார். 1912-இல் எழும்பூரில் தொடங்கிய இல்லத்தில் இளம் விதவைகளைச் சேர்த்துப் படிக்கச் செய்தார். அவர் நாடியது வெறும் அடைக்கலமன்று. அப்பெண் ஒவ்வொருத்தியும் தன் பெயர் எழுதிய சான்றிதழோடு வெளியேறித் தன் சம்பளத்தைத் தானே வாங்க வேண்டும் என்பதே.

இல்லம் பின்னர்த் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸுக்கு மாறிற்று. ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்த கட்டிடம் அது. அவ்வில்லம் பிராமண விதவைகளுக்கு மட்டுமே உரியதாயிருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அரசாங்க உதவியும் வேண்டும், ஆசாரம் மிகுந்த பெற்றோரின் சம்மதமும் வேண்டும் என்னும் இக்கட்டில் அவர் செய்துகொண்ட சமரசம் அது. குறையே ஆயினும், அதனின்றி ஒரு பெண்ணும் படியேறி வந்திருக்கமாட்டாள் என்றே எண்ணுகிறேன். 1922-இல் லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரி ஏற்பட்டபோது அதன் முதல்வரானார். அண்டையிலிருந்த மீனவர் குப்பத்துக் குழந்தைகளுக்கும் ஒரு பள்ளி அவரால் எழுந்தது.

ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். திண்ணை உபாத்தியாயரை ஊர் அறிந்திருந்தது. அதனால் அவருக்குத் தாள் வேண்டியதில்லை. இப்பெண்களையும் ஊர் அறிந்திருந்தது. அவர்களை அமங்கலம் என்றே அறிந்திருந்தது. எதிரே வந்தால் சகுனத்தடை என்றது. அந்த ஊரை விட்டு, தம்மை அறியாத மற்றோர் ஊருக்கு ரயிலேறிச் சென்று, பள்ளி நிர்வாகியின் முன்னே நின்று அவர்கள் நீட்டுவதற்கு அந்தத் தாள் ஒன்றே இருந்தது. அதை வாசித்தவர் வகுப்பறையைக் காட்டினார். மறுநாட் காலையில் முப்பது சிறுமிகள் எழுந்து நின்று வணக்கம் கூறினர்.