அமெரிக்காவில் பொதுப் பள்ளிகளின் பரவல் (1865–1900)

உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. அதற்குப் பிந்தைய முப்பத்தைந்து ஆண்டுகளில் அமெரிக்காவின் பொதுப் பள்ளிகள் அதுவரை காணாத வேகத்தில் பெருகின. 1870இல் அவற்றில் சேர்ந்திருந்த பிள்ளைகள் சுமார் 69 லட்சம் பேர். 1900இல் 1 கோடியே 55 லட்சம். மக்கள்தொகைப் பெருக்கமும் ஐரோப்பியக் குடியேறிகளின் வருகையும் இதில் பாதிக் கதைதான். ஊரார் கட்டும் வரியில் ஊர்ப் பிள்ளைகள் அனைவரும் படிக்க வேண்டும் என்ற கொள்கை நாடு முழுவதும் வேரூன்றியது இந்தக் காலத்தில்தான். அந்த ‘அனைவரும்’ யார் யார் என்பதில்தான் தகராறு தொடங்கியது.

அமெரிக்க அரசியலமைப்பில் கல்வியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 1867இல் மத்திய அரசு ஒரு கல்வித் துறையை உருவாக்கி ஹென்றி பர்னார்டைத் தலைவராக அமர்த்தியது. ஓரிரு ஆண்டுகளிலேயே அது புள்ளிவிவரம் திரட்டும் சிறு அலுவலகமாகச் சுருங்கியது. எழுத்தறியாதோர் மிகுந்த மாநிலங்களுக்குக் கூடுதல் நிதி தரும் மசோதாவைச் செனட்டர் ஹென்றி பிளேர் கொண்டுவந்தார். 1884, 1886, 1888 என மூன்று முறை செனட் அதை நிறைவேற்றியும் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றவில்லை. ஆக, பணமும் அதிகாரமும் மாநிலங்களிடமும் உள்ளூர்ப் பள்ளி வாரியங்களிடமுமே இருந்தன.

கிராமங்களில் பள்ளி என்றால் பெரும்பாலும் ஒரே அறை, ஒரே ஆசிரியர். அரிச்சுவடி படிக்கும் குழந்தையும் மீசை அரும்பிய பையனும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். விதைப்பும் அறுவடையும் பள்ளி நாட்களைத் தீர்மானித்தன. 1870இல் ஒரு மாணவர் ஆண்டுக்குச் சராசரியாக 78 நாள்தான் பள்ளிக்கு வந்தார். 1900இல் 99 நாள். ஆண்களைவிடக் குறைந்த சம்பளத்துக்குப் பெண்கள் கிடைத்ததால் வாரியங்கள் அவர்களையே அதிகம் நியமித்தன. நூற்றாண்டின் முடிவில் ஆசிரியர்களில் நூற்றுக்கு 70 பேர் பெண்கள். இந்தப் பரவலின் சுமையைத் தாங்கியவர்கள் அவர்களே.

தொடக்கக் கல்விக்கு வரி என்பதை மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். உயர்நிலைப் பள்ளிக்கும் வரியா? மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ ஊரில் முன்னாள் செனட்டர் சார்லஸ் ஸ்டூவர்ட்டும் வேறு சிலரும் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள். லத்தீனும் கிரேக்கமும் கற்பிப்பது ஊராரின் பொறுப்பல்ல, வேண்டியவர்கள் காசு கொடுத்துப் படிக்கட்டும் என்பது அவர்கள் வாதம். 1874இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பெழுதிய தாமஸ் கூலி அதை நிராகரித்தார். அடியில் தொடக்கப் பள்ளியையும் உச்சியில் பல்கலைக்கழகத்தையும் மாநிலமே நடத்தும்போது, இடைப்பட்ட படியைப் பணக்காரர்களுக்கு மட்டும் விடுவது பொருந்தாது என்பது தீர்ப்பின் சாரம். மற்ற மாநில நீதிமன்றங்களும் இதை முன்னுதாரணமாகக் கொண்டன. பொது உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 1890இல் சுமார் 2 லட்சம்; 1900இல் 5 லட்சத்துக்கும் மேல். அப்போதும் பதினேழு வயதினரில் நூற்றுக்கு ஆறு பேரே பள்ளிப் படிப்பை முடித்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

செயின்ட் லூயிஸ் நகரில் சூசன் பிளோ 1873இல் பொதுப் பள்ளியிலேயே மழலையர் வகுப்பைத் தொடங்கினார். கட்டாயக் கல்விச் சட்டத்தை மாசசூசெட்ஸ் 1852இலேயே இயற்றியிருந்தது. 1900க்குள் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதைப் பின்பற்றின. ஆனால் ஆலைக்குப் போகும் சிறுவனைப் பள்ளிக்கு இழுத்துவர ஆட்கள் போதவில்லை. விஸ்கான்சினில் 1889இல் வந்த பென்னட் சட்டம் திருச்சபைப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிக் கல்வியைக் கட்டாயமாக்கியது. ஜெர்மானிய லுத்தரன்களும் கத்தோலிக்கர்களும் கொதித்தெழுந்தார்கள். அடுத்த ஆண்டுத் தேர்தலில் ஆளுநர் வில்லியம் ஹோர்டு பதவியிழந்தார். 1891இல் சட்டமும் ரத்தானது.

தெற்கின் கதை தனி. அடிமைகளுக்கு எழுத்துக் கற்பிப்பதே குற்றம் என்று போருக்கு முன் அங்கே பல மாநிலங்களில் சட்டம் இருந்தது. விடுதலை பெற்றவர்கள் முதலில் கேட்டவற்றில் பள்ளியும் ஒன்று. அடிமையாக இருந்து, போரின்போது தென் மாநிலக் கூட்டமைப்பின் கப்பலையே கடத்திக்கொண்டு தப்பிய ராபர்ட் ஸ்மால்ஸ், 1868இல் தென் கரோலினாவின் புதிய அரசியலமைப்பை எழுதிய அவையில் அமர்ந்து இலவசப் பொதுக் கல்விக்காக வாதாடினார். தென் மாநிலங்களில் மாநிலம் தழுவிய பொதுப் பள்ளி முறை நிலைபெற்றது கறுப்பின உறுப்பினர்கள் இடம்பெற்ற இத்தகைய அவைகளால்தான். வெள்ளையர் பிள்ளைகளும் அதனால் பயனடைந்தார்கள்.

1877க்குப் பின் தெற்கில் அதிகாரம் மீண்டும் வெள்ளையர் கைக்கு மாறியதும் கறுப்பினப் பள்ளிகளுக்கான பணம் வற்றத் தொடங்கியது. ஜார்ஜியாவின் அகஸ்டா நகரில் கறுப்பினத்தவருக்கு இருந்த வேர் உயர்நிலைப் பள்ளியை வாரியம் 1897இல் மூடியது. வெள்ளையரின் உயர்நிலைக் கல்விக்கு நிதி தொடர்ந்தது. எங்கள் வரியில் வெள்ளையர் மட்டும் படிக்கலாமா என்று கறுப்பினப் பெற்றோர் நீதிமன்றம் சென்றார்கள். 1899இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக வாரியத்தின் பக்கம் நின்றது. மேற்கே சான் பிரான்சிஸ்கோவில் சீன வம்சாவளிச் சிறுமி மேமி டேப் பொதுப் பள்ளியில் இடம் கேட்டுத் தொடுத்த வழக்கில் 1885இல் வென்றும், அவளுக்குக் கிடைத்தது சீனர்களுக்கென ஒதுக்கிய தனிப்பள்ளி. பழங்குடிப் பிள்ளைகளையோ, 1879இல் பென்சில்வேனியாவில் திறந்த கார்லைல் விடுதிப் பள்ளி போன்றவை தாய்மொழியிலிருந்தும் குடும்பத்திலிருந்தும் பிரித்தன.

இத்தனைக்கும் நடுவே, கறுப்பினத்தவரில் எழுத்தறியாதோர் 1870இல் நூற்றுக்கு 80 பேராக இருந்து 1900இல் 45 பேராகக் குறைந்தார்கள். வாரியங்கள் கைவிரித்த இடங்களில் தாங்களே காசு சேர்த்துப் பள்ளி நடத்திய ஏழைப் பெற்றோரின் பங்கு இதில் மிகப் பெரியது. இந்தக் காலக் கல்விப் பரவலின் ஆகப்பெரிய சாதனை இதுவே.