பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

மதுரை வில்லாபுரத்திலிருந்து அவனியாபுரம் போகிற சாலையில் லாரி ஒன்று வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூலன்ட் குறைந்துகொண்டே வருகிறது; கீழே ஒரு சொட்டு ஒழுகலைக் காணோம். "ஈ.ஜி.ஆர். கூலர் போச்சுண்ணே" என்கிறார் மெக்கானிக். புதுசு மாட்டுகிறார்கள். சில மாதத்தில் அதுவும் போய்விடுகிறது. ஏன்?

விடை தேடிப் போனால் அமெரிக்காவில் போய் நிற்போம். ஆண்டு 1998. ஏழு டீசல் எஞ்சின் கம்பெனிகள் வசமாக மாட்டிக்கொண்டன. சோதனைக்கூடத்தில் சமர்த்தாக இருந்த எஞ்சின்கள், நெடுஞ்சாலைக்கு வந்ததும் கம்ப்யூட்டர் தயவில் குணம் மாறி நைட்ரஜன் ஆக்ஸைடுகளை அள்ளிக் கொட்டின என்பது அரசின் குற்றச்சாட்டு. அபராதம் 8 கோடியே 34 லட்சம் டாலர்! போதாதென்று, 2004-ல் வரவிருந்த மாசுக் கட்டுப்பாட்டை 2002 அக்டோபரிலேயே நிறைவேற்றவும் பெரும்பாலான கம்பெனிகள் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

அவசரத்துக்குக் கைகொடுத்ததுதான் ஈ.ஜி.ஆர். புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள்ளேயே அனுப்பினால் எரியும் சூடு தணியும். நைட்ரஜன் ஆக்ஸைடு குறையும். ஆனால், புகையே கொதிக்கக் கொதிக்கத்தானே வருகிறது? அதை ஆற்ற ஒரு கூலர். உள்ளே புகை, சுற்றிலும் கூலன்ட்.

இனிமேல்தான் கதை. நாவிஸ்டார் தயாரித்து, 2003 முதல் ஃபோர்டின் கனரக பிக்கப்களில் வந்த 6 லிட்டர் டீசல் எஞ்சினில், கூலன்ட் முதலில் ஆயில் கூலருக்குள் புகுந்து, பிறகுதான் ஈ.ஜி.ஆர். கூலருக்குப் போகும். ஆயில் கூலரின் வழிகளோ மிகக் குறுகல். வார்ப்பு மணலும் கூலன்ட் கசடும் அங்கே அடைத்தன. பின்னால் இருந்த ஈ.ஜி.ஆர். கூலருக்குத் தண்ணி வரத்து சுருங்கியது. காய்ந்த சட்டி மாதிரி சூடேறி, வெடிப்பு விட்டது. கூலன்ட் சிலிண்டருக்குள் போய் ஆவியானது. அதுதான் வெள்ளைப் புகை. வெடித்தது ஒன்று, அடைத்தது வேறொன்று!

வாரண்டிச் செலவு யார் தலையில் என்று 2007-ல் ஃபோர்டு கோர்ட்டுக்குப் போனது. 2009-ல் சமரசம். ஆனாலும் உறவு ஒட்டவில்லை. 2011 மாடலிலிருந்து அந்த பிக்கப்களுக்கு ஃபோர்டு சொந்த டீசல் எஞ்சினுக்கு மாறிவிட்டது.

நமக்கென்ன என்கிறீர்களா? 2017 ஏப்ரலில் நாடு முழுக்க பி.எஸ்.4 வந்தபோது, நம் சென்னை அசோக் லேலண்ட் கனரக லாரிகளுக்குத் தேர்ந்தெடுத்தது ஈ.ஜி.ஆர். வழியைத்தான். 2020-ல் பி.எஸ்.6 வந்து யூரியா டேங்க் சேர்ந்த பிறகும் பல எஞ்சின்களில் ஈ.ஜி.ஆர். தொடர்கிறது. எல்லா எஞ்சினிலும் தண்ணீர்ப் பாதை ஃபோர்டில் இருந்தது போலவே இருக்காது. ஆனால், கூலன்ட் காசை மிச்சம் பிடித்து போர் தண்ணியை ஊற்றினால் எந்தக் கூலரிலும் உப்பு படியும். வீட்டு வெந்நீர் பாத்திரத்தின் அடியைப் பாருங்கள், புரியும்.

அந்த 6 லிட்டர் எஞ்சினைப் பழுது பார்த்தவர்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். சூடான எஞ்சின் சீராக ஓடும்போது, ஆயிலின் சூடு கூலன்ட்டைவிட 8 டிகிரி செல்சியஸுக்கு மேல் கூடினால் ஆயில் கூலர் அடைக்கிறது என்று அர்த்தம். உங்கள் எஞ்சினுக்குக் கணக்கு வேறாக இருக்கலாம், கேள்வி ஒன்றுதான். ஆகவே, அடுத்த முறை "கூலர் போச்சு" என்று யாராவது சொன்னால், பர்ஸைத் திறக்குமுன் கேளுங்கள்: "சரி, அது எதனால போச்சு?"