அரேகா முதல் ஃபாக்ஸ்டெயில் வரை... தொட்டி பாம் செடிகளைக் கோடையில் வெளியே வைப்பது எப்படி?

நர்சரியில் இருந்து ஆசையாக வாங்கி வந்த அரேகா பாம், ஹால் மூலையில் தளதளன்னு நிற்கிறது. வெயில் காலம் வந்ததும், 'பாவம், இதுக்கும் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கட்டுமே'ன்னு மொட்டை மாடியில் கொண்டுபோய் வைக்கிறீங்க. நாலே நாளில் ஓலையெல்லாம் வெளுத்து, ஓரம் கருகிப்போகுது. 'நமக்குச் செடி ராசியே இல்லப்பா' என்று தூக்கிப் போடப் போறீங்களா? கொஞ்சம் பொறுங்க. அந்தச் செடி பெரும்பாலும் செத்திருக்காது.

ஒரு பாம் செடியின் உயிர் ஓலையில் இல்லை, குருத்தில் இருக்கிறது. இதை மட்டும் புரிந்துகொண்டால், கோடையில் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஓலை போனால் வரும், குருத்து போனால் வராது

மாமரத்தின் நுனியை வெட்டினால் பக்கவாட்டில் கிளைக்கும். பனைக் குடும்பத்துக்கு அந்த வசதி கிடையாது. ஒரு தண்டுக்கு ஒரே குருத்துதான். தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள் காண்டாமிருக வண்டைக் கண்டாலே பதறுவது இதனால்தான். அது நேராகக் குருத்தைத் துளைத்துவிடும்.

அரேகா மாதிரி கொத்தாக வளரும் வகைகளில் ஒவ்வொரு தண்டுக்கும் ஒரு குருத்து உண்டு. ஒன்று போனாலும் மற்றவை தொடர்ந்து வளரும். ஃபாக்ஸ்டெயில், பாட்டில் பாம் போன்ற ஒற்றைத் தண்டு வகைகளில் குருத்து அழுகினால் கதை முடிந்தது.

அதனால் செடி வாடினால் முதலில் நடுக்குருத்தைப் பாருங்கள். பச்சையாக, லேசாக இழுத்தால் அசையாமல் இருந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். கையோடு கழன்று வந்து, அடியில் அழுகல் நாற்றம் அடித்தால் அந்தத் தண்டு போய்விட்டது. கருகிய ஓலை மறுபடி பச்சையாகாது. புது ஓலை வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

எல்லா பாமும் வெயில் விரும்பி இல்லை

'பனையும் தென்னையும் இதே குடும்பம்தானே, அதெல்லாம் வெயில்ல நிக்கலையா?' என்று கேட்கலாம். உலகில் சுமார் 2,600 வகை பாம்கள் இருக்கின்றன. அவற்றில் பல, பெரிய மரங்களின் நிழலில் காட்டுக்குள் வளர்ந்து பழகியவை. நாம் வீட்டுக்குள் வைக்க விரும்புவதும் பெரும்பாலும் அவற்றைத்தான்.

* நிழல் வகை: லேடி பாம் (ராபிஸ்), பார்லர் பாம். பார்லர் பாமின் சொந்த ஊர் மெக்ஸிகோ, குவாத்தமாலா மழைக்காடுகள். இவற்றுக்கு வெளியே வைத்தாலும் நேரடி வெயில் வேண்டாம்.
* இடைப்பட்ட வகை: அரேகா, குட்டை ஈச்சை (ஃபீனிக்ஸ் ரோபெலினி). பழக்கினால் காலை வெயிலை நன்றாகத் தாங்கும். அரேகாவின் பூர்வீகம் மடகாஸ்கர். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், பாக்கு காய்க்கும் கமுகு வேறு, இது வேறு.
* வெயில் வகை: ஃபாக்ஸ்டெயில், பாட்டில் பாம், விசிறி ஓலை கொண்ட வாஷிங்டோனியா. மொட்டை மாடிக்கு ஏற்றவை இவைதான். ஆனால், இவையும் பழக்கிய பிறகுதான்.

வாங்கும்போதே நர்சரியில் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதை வலைக்குள்ள வெச்சிருந்தீங்களா, வெளியில வெச்சிருந்தீங்களா?" பசுமை வலைக்குள் வளர்ந்த வெயில் வகைச் செடிகூட, நேராக மாடிக்குப் போனால் கருகும்.

மூன்று வாரப் பயிற்சி

வீட்டு ஹாலில் பகல் வெளிச்சம் பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான். உச்சி வெயிலோ ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். உங்கள் போனில் லைட் மீட்டர் ஆப் இறக்கி இரண்டு இடத்திலும் பார்த்தால், தோராயமாகவாவது வித்தியாசம் புரிந்துவிடும். குறைந்த வெளிச்சத்துக்காக உருவான ஓலை, திடீர் வெயிலில் தன் பச்சையத்தை இழந்து வெளுக்கிறது. வெயிலில் பிறக்கும் புது ஓலை அந்த இடத்துக்குத் தகுந்த மாதிரியே வரும். அதற்குச் செடிக்குக் கொஞ்சம் அவகாசம் தேவை.

முதல் வாரம், வெளியே ஆனால் முழு நிழலில் வையுங்கள். போர்டிகோ, மரத்தடி, வடக்குப் பார்த்த பால்கனி எதுவானாலும் சரி. இரண்டாம் வாரம், காலை வெயில் ஒரு மணி நேரம் படட்டும். மூன்றாம் வாரம், இரண்டு மூன்று மணி நேரம் வரை கூட்டலாம். நிழல் வகைகளை முதல் வாரத்து இடத்திலேயே விட்டுவிடுங்கள். இடைப்பட்டவற்றை மூன்றாம் வாரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெயில் வகைகளை மட்டும் அதற்குமேல் கொண்டுபோகலாம்.

இதைத் தொடங்க நல்ல நேரம் பிப்ரவரி. தவறவிட்டால் ஜூன் கடைசி வரை பொறுங்கள். அக்னி நட்சத்திரம் சுடும் மே மாதத்தில், உள்ளே இருக்கும் செடி உள்ளேயே இருக்கட்டும். வேலூர், கரூர் மாதிரி 40 டிகிரியைத் தாண்டும் ஊர்களில் வெயில் வகைக்கும் மதியத்தில் நிழல் கொடுப்பது நல்லது. 50 சதவிகித பசுமை வலை போதும். ஓலை மீது உரசாமல், காற்று புகும்படி உயரத்தில் கட்டுங்கள்.

மேற்குப் பார்த்த பால்கனியா? அதுதான் கஷ்டமான இடம். மதிய வெயிலும் அடிக்கும், சூடேறிய சுவர் ராத்திரியும் அனலைக் கக்கும். அங்கே நிழல் வகைகளை வைக்கவே வேண்டாம். உயரமான ஃப்ளாட் என்றால் காற்றையும் கணக்கில் எடுங்கள். காற்று ஓலையைக் கிழிக்கும், ஈரத்தையும் உறிஞ்சும். தொட்டியைச் சுவர் மூலையில் வைத்து, கிரில்லோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். கீழே விழுந்தால் ஆபத்து செடிக்கு மட்டுமில்லை.

எவ்வளவு தண்ணீர்... எந்தத் தண்ணீர்?

'தினமும் ஒரு மக்' என்ற கணக்கு வேண்டாம். விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால், தொட்டியின் அடித்துளை வழியாக வெளியேறும் வரை ஊற்றுங்கள். ஈரமாக இருந்தால் விட்டுவிடுங்கள். உச்சக் கோடையில் சின்னத் தொட்டிக்குத் தினமும் தேவைப்படலாம், பெரிய தொட்டிக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை போதலாம். ஊற்றுவது காலையில் இருக்கட்டும். ஊற்றும்போது குருத்துக்குள் தண்ணீர் தேங்காமல், தூரைச் சுற்றி மண்ணில் ஊற்றுங்கள்.

வெயிலில் கிடந்த ஹோஸ் பைப்பில் முதலில் வருவது கொதிநீர். அதைக் கீழே விட்டுவிட்டு, குளிர்ந்த பிறகு செடிக்குக் காட்டுங்கள்.

ஓலை நுனி மட்டும் பழுப்பாகிக்கொண்டே வந்தால், உப்புத் தண்ணீரும் காரணமாக இருக்கலாம். போர் தண்ணீர் உப்பாக உள்ள வீடுகளில் இது சகஜம். பலரும் 'வீணாகக் கூடாது' என்று ஆர்.ஓ. மெஷின் கழித்துவிடும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறார்கள். அதில் உப்பு இன்னும் அதிகம். அது வீடு துடைக்க ஆகும், பாமுக்கு ஆகாது. மாறாக, ஏசி-யில் இருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. கோடையில் பக்கெட் கணக்கில் கிடைக்கும், பிடித்து ஊற்றலாம். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரைத் தொட்டி கொள்ளும் அளவைப்போல் இரண்டு மடங்கு ஊற்றி வடியவிட்டால், மண்ணில் தேங்கிய உப்பும் கரைந்து போகும்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருக்கிறீர்களா? டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடத் தேடுவது இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரைத்தான். அந்த முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். எனவே, தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். மொட்டை மாடியில் தட்டே வேண்டாம்.

தொட்டி சூடானால் வேர் வேகும்

கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியை மதிய வெயிலில் தொட்டுப் பாருங்கள். உள்ளே ஓரமாக இருக்கும் வேரின் நிலைமை புரியும். வெளிர் நிறத் தொட்டி, மண் தொட்டி நல்லது. இருப்பதையே பயன்படுத்துவதென்றால், தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டுங்கள். அடியில் இரண்டு செங்கல் வைத்துத் தளத்தில் இருந்து உயர்த்துங்கள். மண் மேல் தேங்காய் மட்டை, காய்ந்த இலைகளைப் பரப்பினால் ஈரம் சீக்கிரம் காயாது.

மண் கலவைக்கு செம்மண் இரண்டு பங்கு, கோகோபீட், மண்புழு உரம், பரு மணல் தலா ஒரு பங்கு. தண்ணீர் தேங்காமல் வடிய வேண்டும், அதுதான் முக்கியம்.

தொட்டி மாற்ற அவசரம் வேண்டாம். பாம் செடிக்கு இறுக்கமான தொட்டி பிடிக்கும். அடித்துளையில் வேர் எட்டிப் பார்க்கும்போது, ஜூன், ஜூலையில் ஒரு சைஸ் பெரிய தொட்டிக்கு மாற்றலாம். வேரைப் பிரிக்காமல், வெட்டாமல், மண்ணோடு அப்படியே தூக்கி வையுங்கள். முன்பு எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழம்தான். 'ஆடாமல் நிற்கட்டும்' என்று தண்டை ஆழமாகப் புதைத்தால் மெல்ல மெல்ல நலிந்துவிடும்.

ஓலை சொல்லும் சேதி

* வெயில் படும் பக்கம் மட்டும் வெளுத்த திட்டு: வெயில் காயம். உடனே நிழலுக்கு மாற்றுங்கள்.
* அடி ஓலைகளில் மஞ்சள், ஆரஞ்சுப் புள்ளிகள், காய்ந்த நுனி: பொட்டாசியம் பற்றாக்குறை. அசிங்கமாக இருக்கிறதே என்று பாதி பச்சையாக உள்ள ஓலையை வெட்டாதீர்கள். பழைய ஓலையில் உள்ள சத்தை எடுத்துத்தான் செடி புது ஓலையை வளர்க்கிறது. முழுக்கக் காய்ந்ததை மட்டும் நீக்குங்கள்.
* அடி ஓலையின் ஓரம் மஞ்சள், நடுவில் பச்சை: மெக்னீசியம் பற்றாக்குறை. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் எப்சம் உப்பு கரைத்து மாதம் ஒருமுறை மண்ணில் ஊற்றலாம்.
* புது ஓலையே மஞ்சளாக வருகிறது: இரும்புச் சத்து ஏறவில்லை. பெரும்பாலும் அதிகத் தண்ணீரோ, ஆழமாக நட்டதோ காரணம். உரத்தைத் தேடும் முன் வடிகாலைப் பாருங்கள்.
* ஓலை மங்கி, அடிப்பக்கம் நூலாம்படை மாதிரி: சிலந்திப்பேன். வறண்ட வெயிலில் வேகமாகப் பெருகும். ஓலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். அடங்காவிட்டால், ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்ப எண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் எண்ணெயே ஓலையைக் கருக்கும்.

மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரமும், பொட்டாசியம், மெக்னீசியம் சேர்ந்த மெதுவாகக் கரையும் உரமும் போதுமானவை. வாடியிருக்கும் செடிக்கு மட்டும் எந்த உரமும் வேண்டாம். முதலில் அது தேறட்டும்.

லீவுக்கு ஊருக்குப் போறீங்களா?

எல்லாத் தொட்டிகளையும் நிழலான ஓர் இடத்தில் நெருக்கி வையுங்கள். அவை ஒன்றுக்கொன்று ஈரத்தைக் காத்துக்கொள்ளும். நன்றாகத் தண்ணீர் ஊற்றி, மண்ணை மூடாக்கால் மூடுங்கள். தண்ணீர் பாட்டிலின் மூடியில் ஊசியால் துளையிட்டு, மண்ணில் தலைகீழாகச் செருகினால் சில நாள் தாங்கும். ஒரு வாரத்துக்கு மேல் என்றால், பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுப்பதுதான் சரியான வழி.

நாய், பூனை இருக்கும் வீடா? இதைப் படியுங்க!

'சேகோ பாம்' என்று விற்கப்படும் சைகஸ், உண்மையில் பாமே இல்லை. அதன் எல்லா பாகங்களும் நாய், பூனைகளுக்கு நச்சு. விதை மிகவும் ஆபத்தானது, கல்லீரலைச் செயலிழக்க வைத்து உயிரையே பறிக்கும். கடித்துவிட்டது எனத் தெரிந்தால், வாந்தி வருகிறதா என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். அரேகா, பார்லர் பாம், லேடி பாம் ஆகியவை செல்லப்பிராணிகளுக்கு நச்சு இல்லாதவை.

'காத்தை சுத்தம் பண்ணும்' என்பது நிஜமா?

இந்த நம்பிக்கைக்கு வேர், 1989-ல் வெளிவந்த நாசா ஆய்வு. அது மூடிய சிறு அறைக்குள் செய்யப்பட்டது. கதவு, ஜன்னல் உள்ள நம் வீட்டில் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால், ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் தேவை என்று டிரெக்ஸல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் கணக்கிட்டார்கள். ஆக, சுத்தமான காற்றுக்கு ஜன்னலைத் திறங்க. பாம் செடியை அதன் அழகுக்காக வளர்த்தால் போதும்.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். மாடியிலோ பால்கனியிலோ கருகிப்போய் நிற்கும் அந்தத் தொட்டியை நிழலுக்கு நகர்த்தி, குருத்தை லேசாக இழுத்துப் பாருங்கள். உறுதியாக இருந்தால், அளவாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு விட்டுவிடுங்கள். கண்ணில் படும்படி புது ஓலை விரிய ஒன்றிரண்டு மாதம்கூட ஆகலாம். அதுவரை அந்தத் தொட்டி குப்பைக்குப் போக வேண்டாம்.