கறுப்புக் காய்களின் கதை – 6
மூன்றாம் நகர்த்தலில் உடைந்த மையம்

கோலாலம்பூரில் டிம்மனைத் தோற்கடித்துவிட்டுக் கார்போவ் விமானம் ஏறியதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். 1990 மார்ச் அது. உலகப் பட்டத்துக்குச் சவால் விடப்போவது யார் என்பதைத் தீர்மானிக்கும் இறுதிச் சுற்று நம் ஊரில்தான் நடந்தது. 12 ஆட்டங்கள் என்று வைத்திருந்தார்கள், ஒன்பதிலேயே முடிந்துபோனது. ஆறரைக்கு இரண்டரை! கார்போவ் ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் சதுரங்கம் பழகும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டும். காஸ்பரோவும் கார்போவும் உலகப் பட்டத்துக்காக மோதிய கடைசிப் போட்டிக்குக் கதவு திறந்தது இங்கேதான்.

அக்டோபரில் நியூயார்க்கில் போட்டி தொடங்கியது. முதல் 12 ஆட்டங்கள் அங்கே. ஆளுக்கு ஆறு புள்ளி. மிச்சம் பிரான்சின் லியோன் நகரில். பதின்மூன்றாவதும் சமன். பதினான்காவதில் காஸ்பரோவுக்கு வெள்ளை.

இரு பக்கமும் ராஜா முன்னால் நின்ற சிப்பாய் இரண்டு கட்டம் நகர்ந்தது. குதிரைகள் வெளியே வந்தன. அடுத்து வெள்ளை மந்திரி பி5-க்குப் பாயும், ஸ்பானியத் திறப்பு வரும், கார்போவ் வருடக்கணக்காகப் பட்டை தீட்டிய தற்காப்பு அரங்கேறும் என்றுதான் எல்லோரும் காத்திருந்தார்கள். காஸ்பரோவின் கை மந்திரியைத் தொடவில்லை. ராணி முன்னால் நின்ற சிப்பாயை எடுத்து டி4-ல் வைத்தது.

ஸ்காட்ச்! 1824-ல் எடின்பரோ, லண்டன் கழகங்கள் கடிதம் மூலம் ஆடத் தொடங்கிய போட்டியால் பெயர் பெற்ற திறப்பு. மூன்றாம் நகர்த்தலிலேயே மையத்தை உடைத்துவிடுவதால் கறுப்பு எளிதில் மூச்சுவிடும் என்று சொல்லி, பெரிய ஆட்டக்காரர்கள் அதை ஓரங்கட்டி வைத்திருந்தார்கள்.

கறுப்புக்கு வழி என்ன? ஈ5 சிப்பாயைக் கட்டிக் காத்துக்கொண்டு உட்கார்ந்தால் நெருக்கடிதான். கார்போவ் டி4-ல் வெட்டினார். வெள்ளைக் குதிரை திருப்பி வெட்டியது. கறுப்பின் இன்னொரு குதிரை எஃப்6-க்கு வந்தது. குதிரையைக் குதிரை வெட்ட, பி சிப்பாயால் மீட்டார். உடனே வெள்ளைச் சிப்பாய் ஈ5-க்கு ஏறிக் குதிரையை விரட்டியது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பயந்து குதிரையை நகர்த்தவில்லை கார்போவ். ராணியை ஈ7-ல் வைத்தார். ஏறி வந்த சிப்பாய் கட்டுண்டது. இப்போது அது குதிரையை வெட்டினால் வெள்ளை ராஜாவுக்கு முற்றுகை! வேறு வழியில்லாமல் வெள்ளை ராணியும் ஈ2-க்கு வந்து, தன் மந்திரிக்கே வழியை அடைத்துக்கொண்டது. இங்கேயும் அதே கதைதான், கறுப்பு ராணி தன் மந்திரியை அடைத்து நிற்கிறது. பிறகுதான் குதிரை டி5-க்குத் தாவியது. வெள்ளை சி4 என்று அதை மிரட்ட, கறுப்பு மந்திரி ஏ6-க்கு வந்தது. அந்தச் சிப்பாய் குதிரையை வெட்டினால் பின்னால் நிற்கும் வெள்ளை ராணி பறிபோகும்.

முன்கூட்டியே மையத்தை உடைப்பவனுக்குக் கறுப்பு தரவேண்டிய பதில் இதுதான் என்பேன். இடத்தைக் கொடு, முன்னேறி வந்த சிப்பாயையே குறிவை. கார்போவ் ராணிப் பக்கம் கோட்டை கட்டி, எஃப்6 என்று அந்த ஈ5 சிப்பாயின் மீதே கைவைத்தார். நெருப்பாகப் போன ஆட்டம் 40 நகர்த்தல்களில் சமன் ஆனது. வீட்டிலேயே தயாரித்து வந்தவனையும் பலகையில் தடுத்து நிறுத்தலாம் என்று காட்டிய ஆட்டம் இது. எனக்கு இந்தப் போட்டியிலேயே மிகப் பிடித்த தற்காப்பும் இதுதான்.

பதினைந்தாவதும் சமன். ஏழரைக்கு ஏழரை.

பதினாறாவது ஆட்டம். மூன்றாம் நகர்த்தல், மறுபடியும் டி4! நகர்த்தல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ராணிக்கு எதிரே ராணி, டி5-ல் குதிரை, சி4-ல் சிப்பாய். எட்டாம் நகர்த்தல் கார்போவுடையது. போன முறை காப்பாற்றிய மந்திரி, சி8-ல் தயாராக நிற்கிறது. காஸ்பரோவ் அதற்கு ஏதோ வைத்திருக்கிறார் என்று நினைத்தாரோ என்னவோ, கார்போவ் அதைத் தொடவில்லை. குதிரையை எடுத்தார். பி6-ல் வைத்தார்.

அந்த ஒரு முடிவுக்குப் பின் ஆட்டம் 102 நகர்த்தல்கள் வரை இழுத்துக்கொண்டு போகப்போகிறது. கறுப்பு தப்பித்ததா?

(அடுத்த வாரம்)